கறை எங்கே தொடங்குகிறது? தோட்டத்து உலோகப் பெயர்ப்பலகைக்குப் பினாங்கில் பிழை நீக்கும் வழி

பினாங்கில் கேட்டிலோ தோட்டத்திலோ உலோகப் பெயர்ப்பலகை மாட்டியவர்களைக் கேட்டால் பலரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க, ஒரு மழைக்காலம் தாங்கலையே!" கோபம் நியாயம்தான். ஆனால் உலோகத்தைத் திட்டுவதற்கு முன், பலகையைக் கழற்றாமல் பக்கத்தில் போய் நின்று, கறை எந்த இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். வெட்டிய ஓரத்திலா, ஸ்குரூவைச் சுற்றியா, முகப்பு முழுக்கவா, கம்பத்தின் அடியிலா? இடம் தெரிந்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். துடைத்தால் போதுமா, கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமா, அடுத்த ஆர்டரில் எதை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம் எளிது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தீவு என்பதால் உப்பு எங்கும் வரும். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் கும்பார் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். மழை ஆண்டுக்கு இரண்டு முறை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல், மே ஒரு தடவை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொரு தடவை. நடுவில் சுள்ளென்ற வெயில். வறண்ட ஊரில் பத்து ஆண்டு நிற்கும் பலகை இங்கே இரண்டே ஆண்டில் கிழடு தட்டிப்போவதில் ஆச்சரியமில்லை.

முதல் வேலை: உங்கள் பலகை என்ன உலோகம்?

பில்லில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தமே போதும். இறுக்கமாக ஒட்டினால் சாதா இரும்பு, அல்லது 430 ரக ஸ்டெயின்லெஸ். ஒட்டவே இல்லை என்றால் அலுமினியம், பித்தளை, அல்லது 201, 304, 316 ரக ஸ்டெயின்லெஸ். மடித்த மூலைகளில் மட்டும் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். வளைத்த இடத்தில் 304-ம் கொஞ்சம் காந்தத்தைப் பிடிக்கும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக அது 304 ஆகிவிடாது. மலேசியாவில் கேட் செய்யும் கடைகளில் 201 ரகம் தாராளமாகப் புழங்குகிறது. 304-ல் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 விழுக்காடு. 201-ல் விலை கூடிய நிக்கலைப் பாதியாகக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். புதிதில் இரண்டும் ஒரே பளபளப்பு, இரண்டிலும் காந்தம் ஒட்டாது. கடற்காற்று பட்டால்தான் சாயம் வெளுக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் ஸ்டெயின்லெஸ் விற்கும் கடைகளில் இருக்கும். ஒரு சொட்டு விட்டால் 201 நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். "போஸ், இது 304-ஆ 201-ஆ? ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்க" என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள். ஒளிவு மறைவு இல்லாத கடைக்காரர் சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுப்பார்.

இன்னொன்று: பலகை கையில் எடுத்தால் காகிதம் மாதிரி லேசாக இருக்கிறது, ஓரத்தைப் பார்த்தால் இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவில் கறுப்பாகவோ சாம்பலாகவோ பிளாஸ்டிக் தெரிகிறது என்றால், அது அலுமினியக் கூட்டுத் தகடு. மோசமான பொருள் இல்லை. ஆனால் 'உலோகப் பலகை' என்று முழு விலை கொடுத்திருந்தால் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. ஓரம் பிரிய ஆரம்பித்துவிட்டால் ஒட்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஸ்டெயின்லெஸ் முகப்பில் தேநீர் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை

பயப்படுமளவுக்கு இது பெரிய நோய் இல்லை. தகடு ஓட்டையாகாது, அழகுதான் கெடும். ஸ்டெயின்லெஸ் மேலே குரோமியத்தால் ஆன கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது. துருவைத் தடுப்பது அதுதான். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும்போது இந்தப் பழுப்புத் திட்டு வரும்.

பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, மழை படும் பலகையைவிட போர்ச்சுக்கு அடியில் நனையாமல் மாட்டியிருக்கும் பலகையில்தான் இது அதிகம். மழை வந்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கூரைக்கு அடியில் உப்பு படிந்துகொண்டே இருக்கும், ஈரக்காற்று அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று உள்ளே தள்ளி மாட்டியவர்களுக்குத்தான் முதலில் கறை.

சரி, என்ன செய்வது? முதலில் நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி. போகவில்லையா, ஆக்சாலிக் அமிலம் கலந்த ஸ்டெயின்லெஸ் துப்புரவுப் பொருள் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தகட்டில் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையிலேயே நைலான் பஞ்சால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். எக்காரணம் கொண்டும் இரும்புக் கம்பி நார் வேண்டாம். அதன் துகள் தகட்டில் பதிந்து அதுவே துருப்பிடிக்கும். குளோராக்ஸ் வகையறா வெளுப்புத் திரவமும் வேண்டாம். எல்லாவற்றையும்விட மோசம், ஓடு கழுவும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைப் பலகை மேல் ஊற்றக்கூட வேண்டியதில்லை, போர்ச் தரையில் ஊற்றித் தேய்த்தாலே எழும் ஆவி பக்கத்திலுள்ள ஸ்டெயின்லெஸ்ஸைப் பிடித்துவிடும். தீபாவளிக்கு முன் வீட்டைக் கழுவியதும் கேட்டெல்லாம் திடீரென்று பழுப்பேறும் மர்மத்துக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

கறை திட்டாக இல்லாமல் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெறித்திருந்தால், அண்மையில் பக்கத்தில் யாராவது இரும்பு அறுத்தார்களா, கிரில் வெல்டிங் செய்தார்களா என்று யோசியுங்கள். பறந்த தீப்பொறியின் இரும்புத் துகள்தான் துருப்பிடிக்கிறது, உங்கள் பலகை இல்லை. ஆக்சாலிக் அமிலம் போதும்.

துடைத்த சில வாரத்திலேயே அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ரகம் தப்பு. கடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வீடு என்றால் 316 கேளுங்கள். அதில் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். ஆயர் ஈத்தாம் மாதிரி உள்ளே தள்ளியிருக்கும் இடத்துக்கு 304 போதும். எந்த ரகம் என்றாலும் 'ஹேர்லைன்' பாலிஷ் (மெல்லிய கோடு கோடாகத் தேய்த்தது) கேட்டால் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி மாட்டச் சொல்லுங்கள். குறுக்குக் கோட்டில் உப்பு உட்கார்ந்துகொள்ளும். நெடுக்குக் கோட்டில் மழைத்தண்ணீர் இறங்கும்போது கூடவே போய்விடும்.

அறிகுறி: பவுடர் பூச்சு ஓரத்தில் மட்டும் உரிகிறது, எழுத்துகளின் விளிம்பில் துரு

பவுடர் பூச்சு என்பது நிறப்பொடியைத் தகட்டில் தூவி அடுப்பில் உருக்கி ஒட்டவைப்பது. கறுப்பு நிற லேசர் வெட்டுப் பலகைகளில் அதிகம் வரும் பிழை இது. ஜார்ஜ் டவுன் சுவர்களில் இருக்கும் 52 இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி கறுப்பு உருவம் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. வண்டி தள்ளும் தாத்தா, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் பாட்டி, மயில் என்று வரைந்து கொடுத்து வெட்டி வாங்குகிறார்கள். வெட்டு அழகாகத்தான் இருக்கும். கெடுவது ஓரம்.

உரிந்த பூச்சுத் துண்டு ஒன்றை நகத்தால் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். அடர்சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று பூச்சோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் குற்றவாளி வெட்டுதான். சாதா இரும்பை லேசரில் வெட்டும்போது ஆக்சிஜன் வாயுவைச் செலுத்தி வெட்டுவது வழக்கம். அப்போது வெட்டிய முகத்தில் ஆக்சைடு தோல் படியும். பவுடர் அந்தத் தோலை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அந்தத் தோல் இரும்பைப் பிடித்துக்கொள்வதில்லை. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கிச் சில மாதத்தில் தோலோடு பூச்சும் கழன்று விழும். துண்டின் பின்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருந்தால் கதை வேறு: கூரான விளிம்பில் பூச்சு மெலிதாக இருந்து, அதன் வழியாக ஈரம் உள்ளே போய்த் துரு வளர்ந்து பூச்சைத் தூக்கியிருக்கிறது. பவுடர் அடுப்பில் உருகும்போது கூர்முனையிலிருந்து விலகி ஓடும் குணம் அதற்கு உண்டு.

ஒன்றிரண்டு இடம் என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். தளர்ந்த பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, காய்ந்ததும் மேல்நிறம். 'அன்றே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் ஈரத்தில் தேய்த்த இரும்பை ஓரிரவு விட்டால் காலையில் மறுபடி மஞ்சள் படர்ந்திருக்கும். ஓரம் முழுக்க உரிந்திருந்தால் வீட்டு வைத்தியம் வீண். கடைக்கு அனுப்பி மணல் வீச்சில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.

புதிதாக ஆர்டர் கொடுப்பவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள். நைட்ரஜன் வாயுவில் வெட்டுங்கள், இல்லையென்றால் வெட்டிய ஓரத்தைத் தேய்த்து ஆக்சைடை எடுங்கள். கூர்முனையை லேசாக மழுக்குங்கள். பவுடருக்கு அடியில் துத்தநாகப் பிரைமர் ஒரு பூச்சு போடுங்கள். இதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். 'முழுசா கால்வனைஸ் பண்ணிடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் தடிமனைக் கேளுங்கள். சூட்டுமுறைக் கால்வனைஸ் என்பது ஏறக்குறைய 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்குவது. மெல்லிய தகடு அதில் முறுக்கிக்கொண்டு வரலாம், சிறிய எழுத்து இடுக்குகள் துத்தநாகத்தில் அடைபடலாம். கம்பத்துக்கு அது பிரமாதம். நுணுக்கமான வெட்டுப் பலகைக்குச் சரிவராது.

பூச்சு உரியவில்லை, ஆனால் விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டுகிறது, நிறமும் மங்கிவிட்டது என்றால் வெளியிடத்துக்கு ஆகாத எபோக்சி பவுடரைப் பூசிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். எபோக்சிக்கு வெயில் ஆகாது. வெளியில் நிற்பதற்கு பாலியெஸ்டர் பவுடர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: அலுமினியப் பலகையில் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி நெளிந்த தடம்

கீறலிலோ ஓரத்திலோ தொடங்கி நூல்நூலாக ஓடும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கியவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இது அலுமினியத்தின் அரிப்பு. பூசுமுன் தகட்டை இரசாயனத்தில் சரியாகக் கழுவித் தயார்செய்யாததும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. மேலே பெயின்ட் தடவினால் அடியில் தொடர்ந்து ஓடும். முழுக்க உரித்துத்தான் ஆகவேண்டும். பூச்சே இல்லாத, ஆனோடைஸ் செய்த (மின்சாரம் செலுத்தி மேல்படலத்தைத் தடிப்பாக்கிய) அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அறிகுறி: ஸ்குரூவுக்குக் கீழே மட்டும் பழுப்புக் கண்ணீர்க் கோடு

பலகையில் ஒரு குற்றமும் இல்லை. மாட்ட வந்தவர் பையில் இருந்த சாதா துத்தநாகம் பூசிய ஸ்குரூவை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொன்றாகக் கழற்றி 316 ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடுங்கள். பலகை அலுமினியம் என்றால் ஸ்குரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். வேறு வேறு உலோகம் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் மாதிரி வேலைசெய்து வலுக்குறைந்த உலோகத்தை அரித்துவிடும். இங்கே வலுக்குறைந்தது அலுமினியம். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள்.

அறிகுறி: பலகை நன்றாக இருக்கிறது, சுவரும் தரை ஓடும் காவி நிறமாகிவிட்டன

கார்ட்டன் ஸ்டீல். துருவையே அழகாக வைத்திருக்கும் அந்தக் காவிநிறத் தகடு இப்போது தோட்ட அலங்காரத்தில் பிரபலம். அந்தத் துரு இறுகி நிற்க வேண்டுமானால் தகடு நனைவதும் நன்றாகக் காய்வதும் மாறிமாறி நடக்கவேண்டும். எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்திலும் கடலோரத்திலும் அது இறுகுவதில்லை. அரித்துக்கொண்டே, ஒவ்வொரு மழைக்கும் காவித்தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் பினாங்குத் தீவின் கடலோர வீட்டுக்குக் கார்ட்டன் வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் சுவரில் மாட்டாமல், கூழாங்கல் நிரப்பிய பாத்தியில் தனியாக நிறுத்துங்கள். வடிவது கல்லுக்குள் போகட்டும். அல்லது அலுமினியத்தில் காவிநிறப் பவுடர் பூசி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. கறைபட்ட சுவருக்கு ஆக்சாலிக் அமிலம் ஓரளவு கைகொடுக்கும், பளிங்குத் தரைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைந்திருக்கிறது

துருவைத் துடைக்கலாம், தப்பாக வெட்டிய எழுத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. ஆகவே இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தீர்க்கவேண்டும். 'பொன்னி இல்லம்' என்று ஒரு பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன கோளாறு வரமுடியும் என்று பாருங்கள்.

'பொ'வில் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது, அல்லது நடுவில் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று முளைத்திருக்கிறது. கடையிலுள்ள வடிவமைப்பு மென்பொருளுக்குத் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பெயரை அவர்கள் அப்படியே நகலெடுத்துப் பழைய மென்பொருளில் ஒட்டியிருப்பார்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கடைக்காரருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலிருக்கலாம். பெயர் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு கடையில் இல்லை.

எந்தக் கோளாறாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: எழுத்தாக அனுப்பாதீர்கள், கோடாக அனுப்புங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கணினியில் பெயரை அமைத்து, எழுத்துகளை வெளிக்கோடாக மாற்றி, எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். கோப்பாகக் கொடுத்துவிட்டால் எந்த மொழிக்காரர் கடையிலும் அப்படியே வெட்டுவார்கள். அதற்கு நல்ல எழுத்துருத் தேட வெளியே போகவேண்டியதில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியர்தான். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'இணைமதி'யும் 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துருவும் அவர் கைவண்ணம். வெட்டுவதற்கு மட்டும் கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சில இடத்தில் முடி கனத்துக்கு மெலியும் அலங்கார எழுத்து தகட்டில் வளையும், பிறகு ஒடியும்.

அடுத்தது வெட்டும் முறை. தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டுவது ஒன்று. எழுத்தையே உலோகமாக வெட்டி எடுப்பது இன்னொன்று. முதல் முறையில் ம, வ, ழ, ண போன்ற எழுத்துகளின் அடைபட்ட வயிறு கழன்று விழுந்துவிடும். 'இல்லம்' என்பதன் 'ம்' உள்ளே இருக்கவேண்டிய தகடு இல்லாமல் வெறும் ஓட்டையாக, என்ன எழுத்தென்றே தெரியாமல் நிற்கும். இரண்டாவது முறையில் வயிறு பிழைத்துக்கொள்ளும், புள்ளிகள் போய்விடும். 'பொன்னி இல்லம்' என்பதில் மூன்று மெய்ப்புள்ளி: ன், ல், ம். மூன்றும் எழுத்தைத் தொடாமல் காற்றில் நிற்பவை. மேசையில் மூன்று சின்ன வட்டமாக உதிர்ந்து, குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும். மாட்டியபின் பார்த்தால் 'பொனனி இலலம'.

ஆங்கில எழுத்தில் பழகிய கடைக்காரர் 'i'க்கு மேலே புள்ளி வைப்பதை நினைவில் வைத்திருப்பார், தமிழ்ப் புள்ளி எத்தனை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்லவேண்டும். தீர்வு, ஒன்றையொன்று தொடாத துண்டுகளுக்கு மெல்லிய பாலம் போடுவது. பாலத்தின் அகலம் தகட்டின் தடிமனைவிடக் குறையக்கூடாது, 3 மி.மீ. தகட்டுக்கு 3 மி.மீ.க்குக் குறைந்த பாலம் வெட்டும் சூட்டிலேயே முறுக்கிக்கொள்ளும். புள்ளிக்குப் பாலம் போட்டால் 'ன்' பார்க்க 'னி' மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதையும் கவனியுங்கள். பாலத்தை நேர்க்குத்தாக, குட்டையாக வையுங்கள். பாலமே பிடிக்கவில்லை என்றால் பின்னால் வேறு நிறத்தில் ஒரு முழுத் தகடு வைத்து, எழுத்தையும் புள்ளியையும் அதன்மேல் ஆணிக்காலில் பொருத்தச் சொல்லலாம். விலை கூடும். ஆனால் தமிழ்ப் பெயருக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி. எழுத்து முழுசாக இருக்கும், தூரத்திலிருந்தும் தெரியும்.

வெட்டுமுன் அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்து கேட்டில் ஒட்டி, வீட்டில் யாராவது ஒருவரை ரோட்டில் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். 'பாட்டி, என்ன எழுதியிருக்குன்னு படிங்க' என்று பெரியவர் ஒருவரிடம் கேட்பது இன்னும் உத்தமம். லகர ளகரப் பிழையை அவர்கள் விடமாட்டார்கள்.

அறிகுறி: கிராப் தம்பி வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்

வெட்டு உருவத்துக்குப் பின்னால் செடி இருந்தால் இலையும் எழுத்தும் கலந்துவிடும். பின்தகடு வையுங்கள், அல்லது வெறும் சுவருக்கு முன்னால் நகர்த்துங்கள். கண்ணாடிப் பளபளப்பு ஸ்டெயின்லெஸ் மாலை வெயிலில் கண்ணைக் கூசும். ஹேர்லைன் அல்லது மங்கல் பூச்சு கேளுங்கள். எழுத்தின் உயரத்துக்கு ஒரு கணக்கு: சுமார் 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயரம். ரோட்டிலிருந்து கேட் 8 மீட்டர் என்றால் 70 மி.மீ.க்குக் குறையக்கூடாது. நம் எழுத்தில் மேலே விசிறி, கீழே சுழி என்று நெருக்கம் அதிகம், ஆகவே இன்னும் கொஞ்சம் கூட்டியே போடுங்கள். வீட்டு எண்ணைப் பெயரைவிடப் பெரிதாக வையுங்கள். வருகிறவர் தேடுவது எண்ணைத்தான்.

வீட்டில் டியூஷனோ தையலோ நடத்தி அதற்கும் சேர்த்துப் பலகை வைத்தால் அது விளம்பரப் பலகைக் கணக்கில் போய்விடும். மாநகர் மன்ற உரிமம் வேண்டும், தேசிய மொழி முதன்மையாக இருக்கவேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அறிகுறி: காற்றடித்தால் தடதடக்கிறது, நடுவில் அலை மாதிரி வளைந்திருக்கிறது

தகடு மெலிது, அல்லது விரிய இடமில்லை. ஒரு மீட்டர் நீள அலுமினியம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். நான்கு மூலையிலும் இறுக்கி முடுக்கியிருந்தால் நீண்டது எங்கே போகும், முன்னால்தான் பிதுங்கும். ஒரு பக்கத்துத் துளைகளை நீள்வட்டமாக்கிவிட்டால் போதும். 60 செ.மீ. நீளத்துக்கு அலுமினியம் என்றால் 3 மி.மீ. தடிமன் எடுங்கள். 60-க்கு 30 செ.மீ. அளவில் அதன் எடை ஒன்றரைக் கிலோ. அதே தடிமன் இரும்பு நான்கு கிலோவுக்கு மேல் வரும். பழைய தெராஸ் வீட்டு மதில் சுவரில் பிளக் பொடிந்துகொண்டு வந்தால் பலகையைக் குறைசொல்லாதீர்கள். செங்கல்லின் நடுவில் புதிதாகத் துளையிட்டு நீளமான பிளக் போடுங்கள். விடியற்காலையில் சுமத்ராக் காற்று ஒரு தடவை அடித்தால் அரைகுறையாக முடுக்கியதெல்லாம் தரையில் கிடக்கும்.

அறிகுறி: பலகை நன்றாக இருக்க, கம்பத்தின் அடி மட்டும் இற்றுப்போகிறது

மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த நான்கு விரல் உயரத்தைக் குனிந்து பாருங்கள். பூச்சு வட்டமாகச் சிதைந்து, கோடு கோடாகக் கீறல் இருந்தால் அது புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு. மாதம் ஒருமுறை புல் வெட்ட வருகிறவர் கம்பத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். கம்பத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுக் கூழாங்கல் போடுங்கள். கீறல் இல்லாமல் துரு மட்டும் என்றால், செடிக்குப் போடும் உரம் அங்கே தெறிக்கிறதா பாருங்கள். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. காங்கிரீட்டில் நட்டிருந்தால் அதன் மேற்பரப்பு கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிந்திருக்கவேண்டும், தண்ணீர் தேங்கும் குழியாக இருக்கக்கூடாது.

கம்பத்தைத் தட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? மேல்மூடி போய்விட்டது. துருவைவிட இது அவசரம். வாய் திறந்த குழாய்க் கம்பத்தில் தேங்கிய மழைத்தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல இடம். சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டுக்காரருக்குத்தான் அபராதம். மேலே மூடி, தரைக்குச் சற்று மேலே 6 மி.மீ. வடிகால் துளை. துளையின் ஓரத்துக்கும் பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

அறிகுறி: கறுப்புப் படலம், பச்சைப் பாசி, மஞ்சள் கறை

மாமரத்துக்கு அடியில் மாட்டிய பலகையில் கரி பூசியது போல் படிந்தால் அது துரு இல்லை. இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் சிந்தும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம். சோப்புத் தண்ணீரில் போய்விடும், மரத்தில் பூச்சி இருக்கும்வரை திரும்ப வரும். கிளையைக் கழியுங்கள். பாசிக்கும் சோப்புதான்.

பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் வைத்த மஞ்சள், சந்தனம், குங்குமம்: மஞ்சள் நிறம் வெயிலில் தானே வெளுக்கும், அவசரப்பட்டுச் சுரண்டவேண்டாம். குங்குமம் அப்படிப் போகாது, ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். பித்தளைப் பலகைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். பூச்சு இல்லாத பித்தளைக்கு அது சரி. ஆனால் கடையிலிருந்து வரும் பித்தளைப் பலகைகளில் பெரும்பாலும் மேலே நிறமற்ற அரக்குப் பூச்சு இருக்கும். அதன்மேல் புளியைத் தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாகக் கீறிப்போய், கீறிய இடம் மட்டும் கறுத்து, பார்க்கவே சகிக்காது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் மிச்சப் பூச்சையும் தின்னரால் எடுத்துவிட்டு, இனிமேல் புளிதான் என்று முடிவு செய்துவிடலாம். எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பலகைக்குக் கீழே வைப்பவர்கள் சாறு தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆர்டர் கொடுத்து வாங்கும்போது பில்லிலேயே உலோகத்தின் ரகம், தடிமன், பவுடரின் நிற எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வெட்டுக் கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு புள்ளி விழுந்தால் அந்த ஒரு புள்ளியை மட்டும் எந்தக் கடையிலும் வெட்டிக்கொள்ளலாம்.